செம்மங்குப்பம்: கேட் திறந்து கிடந்தது ஏன்?

2025 ஜூலை 8-ந் தேதி காலை, கடலூரை அடுத்த செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் மாண்டனர். அவர்களில் இருவர் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வேன் டிரைவரும் இன்னொரு மாணவரும் காயமுற்றனர்.

காலையில் தலை வாரிவிட்டு, சோற்றுப் பாத்திரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிய தாய்மார்கள் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். பெயர் கூப்பிடும்போது பதில் வராத வகுப்பில் பாடம் நடத்த எந்த ஆசிரியரால் முடியும்? பக்கத்தில் உட்கார்ந்து படித்த தோழன் இனி வரமாட்டான் என்று பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? அந்தப் பெற்றோர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் எல்லோருடைய துயரத்திலும் நாம் பங்குகொள்கிறோம். துயரத்தோடு நின்றுவிட நமக்கு உரிமையில்லை. ஏனெனில் நம் பிள்ளைகளும் நாள்தோறும் இப்படிப்பட்ட கேட்டுகளைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறார்கள்.

விபத்து நடந்த அன்றே ரயில்வே நிர்வாகம் என்ன சொன்னது? கேட்டை மூடப் போகும்போது வேன் டிரைவர் வற்புறுத்திக் கடந்தார் என்றது. கேட் திறந்தே கிடந்தது என்று டிரைவரும், உயிர் பிழைத்த மாணவரும் சொன்னார்கள். கேட் மூடப்படவில்லை என்பது பிறகு விசாரணையில் வெளிப்பட்டது. கேட் கீப்பர் கைது செய்யப்பட்டார், வேலையிலிருந்தும் நீக்கப்பட்டார். கடமை தவறியவருக்காக நாம் பரிந்து பேசவில்லை. குழந்தைகளின் உயிர் போயிருக்கிறது; தவறு தவறுதான். ஆனால் கணக்கு அந்த ஒரு மனிதரோடு தீர்ந்துவிட்டதா?

அந்தக் கேட் சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வார். கேட் கீப்பர் மூட வேண்டும். மூடிவிட்டதாகப் போனிலேயே பதில் சொல்ல வேண்டும். உண்மையில் மூடப்பட்டதா என்று சிக்னலுக்குத் தெரியாது. இன்டர்லாக் செய்த கேட்டில் அப்படி இல்லை. அங்கே கேட் மூடிப் பூட்டினாலொழிய ரயிலுக்குப் பச்சை விளக்கு விழாது. மனிதன் தவறினாலும் யந்திரம் தடுக்கும்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஞ்சு உடைக்கும் யந்திரத்தில் பீட்டர் சுழலும்போது மூடி திறக்கக்கூடாது என்று பூட்டு வைப்பது ஏன்? தொழிலாளி களைப்பான், ஒரு கணம் கவனம் சிதறும், அதற்குக் கையை விலையாகக் கொடுக்கக்கூடாது என்பதற்காகத்தான். பல இடங்களில் கேட் கீப்பர்களிடம் 12 மணி நேர வேலை வாங்கும் நிர்வாகத்துக்கு இந்த நியாயம் தெரியாதா?

தெரியும். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தது. ஒரு நாளில் ஓடும் ரயில்களையும் கேட்டைக் கடக்கும் வண்டிகளையும் பெருக்கி வரும் தொகை 20,000-ஐ எட்டினால்தான் இன்டர்லாக் என்பது அளவு. மூன்று பிள்ளைகள் இறந்த பிறகு ரயில்வே மந்திரி அதை 10,000 ஆகக் குறைத்தார். எல்லாக் கேட்டுகளிலும் காமிரா வைக்கவும் உத்தரவிட்டார். வரவேற்கிறோம். ஆனால் பத்தாயிரத்துக்குக் குறைந்த கிராமத்துக் கேட்டில் போகும் பிள்ளையின் உயிர் மலிவா? இந்தப் பெருக்கல் கணக்கில் பள்ளி வேனும் ஒரு வண்டி, அவ்வளவுதான். அதற்குள் எத்தனை குழந்தைகள் என்று கணக்குக்குத் தெரியாது.

இன்னொரு செய்தியும் வெளிவந்தது. அங்கே சுரங்கப்பாதை போட ரயில்வே தன் செலவிலேயே முன்வந்ததாகவும், மாவட்டக் கலெக்டர் ஓராண்டாக அனுமதி தரவில்லை என்றும் தெற்கு ரயில்வே கூறியது. மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் ஒருவரையொருவர் காட்டிக்கொள்ளட்டும். காகிதம் மேஜையில் கிடந்த நாட்களுக்கு எந்த உத்தியோகஸ்தர் பதில் சொன்னார்? கேட் கீப்பரைக் கைது செய்யச் சில மணி நேரம் போதுமாயிருந்தது. கோப்பு நகர ஓராண்டும் போதவில்லை.

கேட் கீப்பர் வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாதவர் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. ஊராரோடு பேசத் தெரிந்தவர் கேட்டில் இருப்பது நல்லதுதான். ஆனால் சிக்னலோடு பிணைக்காத கேட்டில் எந்த ஊர்க்காரரை நிறுத்தினாலும் அபாயம் அபாயமே. பிழைப்புக்கு வந்த தொழிலாளியின் மொழி மீது கோபத்தைத் திருப்பிவிட்டால் தப்பித்துக்கொள்வது மேலே இருப்பவர்கள்தான்.

முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. 2014-ல் தெலங்கானாவின் மாசாயிப்பேட்டையில், ஆளில்லாக் கேட்டில் பள்ளி பஸ் மீது ரயில் மோதிக் குழந்தைகள் கூட்டமாக மாண்டனர். 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் அதே விதமாக 13 குழந்தைகள் மாண்டனர். நாடு கொதித்தது. 2019 ஜனவரி முடிவதற்குள் அகலப் பாதையில் ஆளில்லாக் கேட்டே இல்லாமல் செய்யப்பட்டது. பணமும் ஆளும் அப்போது எங்கிருந்தோ வந்தன. அந்த வேலையைக் குழந்தைகள் சாவதற்கு முன்பே செய்திருக்கலாம் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

ஆகவே நாம் கோருகிறோம்: பெருக்கல் கணக்குப் பாராமல், பள்ளி வண்டி கடக்கும் ஒவ்வொரு கேட்டையும் சிக்னலோடு பிணைக்க வேண்டும். சுரங்கப்பாதைக் கோப்புகளுக்குக் கெடு வைத்து, தாமதிக்கும் அதிகாரியின் பெயரைப் பகிரங்கப்படுத்த வேண்டும். கேட் கீப்பர்களுக்கு எட்டு மணி நேர வேலை வேண்டும்.

ஒவ்வொரு கிளையும் தன் ஊர்க் கேட்டுக்கு நேரில் செல்லட்டும். அது சிக்னலோடு பிணைந்ததா என்று கேட்டறிந்து, பெற்றோர்களையும் ஆசிரியர்களையும் திரட்டி மனுக் கொடுக்கட்டும். பதில் வரும்வரை விடக்கூடாது. செம்மங்குப்பத்தில் இழந்த மூன்று பிள்ளைகளை மீட்க முடியாது. நாலாவது பிள்ளையைக் காப்பாற்ற முடியும்.