பன்னிரண்டு பவன் பெட்டி

ஒரு வீட்டுக்குப் புதிதாக ஒரு சாமான் வந்தால் அதன் விலையை எதில் கணக்கிடுவது என்பது அந்தந்த வீட்டின் நிலைமையைப் பொறுத்தது. சிலர் ரூபாயில் சொல்வார்கள். சிலர் நெல்லில் சொல்வார்கள். கல்யாண வயதில் பெண் இருக்கும் நாஞ்சில் நாட்டு வீடுகளில் பவனில் சொல்வார்கள். 1997-ம் வருஷம் தக்கலையில் நமது வீட்டுக்கு முதல் முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது, நாகர்கோவில் கடைக்காரர் 45,000 ரூபாய் என்று ரசீது எழுதிக் கொடுத்தார். நமது பாட்டா விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு பவன்!" என்றார். அன்றைய தங்க விலைக்கு அது ஏறக்குறையச் சரியான கணக்கு. (பாட்டா என்றதும் வெளியூர் நேயர்கள் பாதரட்சைக் கம்பெனியை நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கத்தில் தாத்தாவுக்கு அதுதான் பெயர்.)

கணக்கு சரியாக இருந்ததுதான் சங்கடம். நமது தகப்பனார் பள்ளிக்கூட உபாத்தியாயர். சேம நிதியில் கடன் வாங்கியிருந்தார். அந்தக் கடன் அக்காளின் கல்யாணத்துக்கு என்று வீட்டில் எல்லோரும் மனத்தில் குறித்து வைத்திருந்த பணம். அக்காளுக்கு அப்போது வயது 22. பவன் கேட்டுப் பெண் கொள்ளும் வழக்கத்தைப் பற்றி நமது அபிப்பிராயம் நேயர்களுக்குத் தெரிந்ததே. இன்று அந்தச் சண்டையில் இறங்க உத்தேசமில்லை.

"பொண்ணுக்க கழுத்திலே போட வேண்டியதை மேசைப் பொறத்திலே வைக்கப் போறியாலே?" என்று பாட்டா மகனைக் கேட்டார். தகப்பனார் பதில் சொல்லவில்லை. அடுக்களை வாசலில் நின்ற அக்காள்தான் சொன்னாள்: "கழுத்திலே கெடக்கது சோறு போடாது, பாட்டா. இது போடும்."

தக்கலைக்கு இந்தப் பெட்டி 1997-ல் வந்தது தாமதமா, சீக்கிரமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் வீட்டு மேஜைக்கென்றே செய்த கம்ப்யூட்டர்கள் 1977-ல் கடைக்கு வந்துவிட்டன. இங்கிலாந்தில் 1982-ல் வெளிவந்த 'ஸ்பெக்ட்ரம்' என்னும் சிறு யந்திரம், டெலிவிஷனையே திரையாகவும் பாட்டுக் கேட்கும் காஸெட்டையே பெட்டகமாகவும் வைத்துக்கொண்டு, ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாய் விளங்கிற்று. நம் தேசத்தில் 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி சர்க்கார் புதிய கம்ப்யூட்டர் கொள்கையை வெளியிட்ட பிறகே கதவு திறந்தது. அந்தச் சமயத்திலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ் பி.பி.ஸி. மைக்ரோ யந்திரங்களைத் தருவித்துப் பல பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். பூனாவில் அந்த ஸ்பெக்ட்ரத்தையே நம் நாட்டுப் பெயரில் செய்து விற்றார்கள். ஆனால் இவையெல்லாம் நாம் பத்திரிகையில் படித்த சமாசாரங்கள். நமது தெருவில் வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் ஒரு ஸ்பெக்ட்ரம் கொண்டுவந்திருந்தார். அது நாலு நிமிஷம் கீச்சுக் கீச்சென்று கத்தி, பிறகு ஒரு கோட்டைப் போட்டுக் காட்டிவிட்டு நின்றுபோகும். அதைப் பார்க்க இருபது பேர் கூடுவோம்.

நமது பெட்டி அப்படிப்பட்டதல்ல. பென்டியம் ஜாதி. 16 மெகாபைட் நினைவு, 1.2 கிகாபைட் தட்டு. 14 அங்குல வர்ணத் திரை. உள்ளே விண்டோஸ் 95. இன்று சாதாரணக் கைப்பேசி ஒன்றில் 4 கிகாபைட் நினைவு இருக்கிறது. நமது பெட்டியைப்போல் 256 பெட்டிகளை அடுக்கினால்தான் அதற்கு ஈடு. ஆனாலும் அந்தக் கைப்பேசிக்கு யாராவது பூந்துணியில் உறை தைத்ததுண்டா? நமது பெட்டிக்கு அம்மை மூன்று உறை தைத்தாள்: திரைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று. அந்த அறைக்குள் செருப்பு கூடாது; தேங்காய் எண்ணெய்க் கை கூடாது; சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் ஸ்விட்சைத் தொடவே கூடாது. பூஜை அறைக்குக்கூட இத்தனை ஆசாரம் கிடையாது.

பூஜை என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. தக்கலைக்கு அடுத்த பத்மநாபபுரம் பழைய திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தலைநகரம். அங்கே அரண்மனையில் எழுந்தருளியிருக்கும் சரஸ்வதி தேவி வருஷந்தோறும் நவராத்திரிக்கு யானை மேல் ஏறித் திருவனந்தபுரம் போவாள். குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் போவார்கள். கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது ஐதீகம். தேவி ஊரில் இல்லாத அந்த நாட்களில்தான் நம் பக்கத்து வீடுகளில் புத்தகங்களைப் பூஜைக்கு வைப்பார்கள். வைத்தால் விஜயதசமி காலை வரை படிக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு அது சட்டப்படி கிடைத்த விடுமுறை. 1997 நவராத்திரியில் பாட்டா சந்தனக் கிண்ணத்தோடு வந்து பெட்டியின் நெற்றியில் பொட்டு வைத்து, "இதும் புஸ்தகந்தானே? வச்சாச்சு. இனி தசமிக்குத்தான் தொறக்கணும்" என்று சொல்லிவிட்டார். பாரசீக ராஜகுமாரன் விளையாட்டில் நாம் ஆறாவது படியில் நின்றிருந்தோம். ராஜகுமாரனுக்கு அவகாசம் ஒரே ஒரு மணி நேரம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். அவன் இரண்டு நாள் காத்துக் கிடந்தான்.

ராஜகுமாரனைக் காப்பாற்றுவதற்கு நமக்குக் கிடைத்த நேரமும் மிகச் சொற்பம். பெட்டியின் உண்மையான எஜமானி அக்காள்தான். டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறியவள் அவள். குமாரகோவிலில் 1989 முதல் எஞ்சினீயரிங் கல்லூரி ஒன்று நடந்து வருகிறது. கடைசி வருஷ மாணவர்களுக்குத் திட்ட அறிக்கை என்று ஒன்று உண்டு. அதை அழகாக அடித்துக் கொடுக்க ஆள் வேண்டும். பக்கத்துக்கு 8 ரூபாய். மார்ச் மாதம் வந்தால் நமது திண்ணையில் பையன்கள் கையெழுத்துப் பிரதிகளோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அம்மை அவர்களுக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்துக் களைத்துப்போவாள். ராத்திரி இரண்டு மணிக்கும் புள்ளி அச்சு யந்திரம் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சப்தம் நின்றால் பாட்டா விழித்துக்கொண்டு, "எந்தா மக்கா, தாள் தீந்துபோச்சா?" என்பார்.

2000-ம் வருஷம் அக்காளுக்குக் கல்யாணம் நடந்தபோது அவள் கழுத்திலும் கையிலும் கிடந்ததில் ஏழு பவன் அப்படி வந்தது. மூவாயிரத்துச் சொச்சம் பக்கங்கள். மாப்பிள்ளை வீட்டார் எடை போட்டார்களே தவிர, பக்கங்களை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இடையில் ஒரு ஐப்பசி. கன்னியாகுமரி ஜில்லாவுக்கு இரண்டு பருவமழை. இரண்டாவது மழை இடியோடு வரும். திருவிதாங்கூர் வழக்கில் துலாவர்ஷம் என்பார்கள். மின்சாரக் கம்பியைப் பிடுங்கி வைத்தால் போதும் என்று ஊரில் எல்லோரும் எண்ணியிருந்த காலம் அது. இடி தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. மோடம் கருகி, தாய்ப்பலகையும் கூடவே போயிற்று. தட்டு மட்டும் தப்பியது. அன்று தக்கலையில் கம்ப்யூட்டர் வைத்திருந்த நாலைந்து வீடுகளில் ஒருவரையொருவர் துக்கம் விசாரித்துக் கொண்டார்கள்.

இனி, இத்தனையும் எழுத நம்மைத் தூண்டிய விஷயத்துக்கு வருவோம்.

அக்காள் அடித்ததெல்லாம் இங்கிலீஷ். பாட்டா ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இதுக்குத் தமிழ் தெரியாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதிலும் விசித்திரமானது: தெரியாது, ஆனால் தெரிந்ததுபோல் நடிக்கும். அந்த நாளில் வெளிநாடுகளில் இருந்த தமிழர்கள் சிலர் இதற்காகத் தங்கள் சொந்த நேரத்தைச் செலவழித்தார்கள். சுவிட்சர்லாந்தில் டாக்டர் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். 1998 பொங்கலன்று பழைய நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் 'மதுரைத் திட்டம்' துவங்கியது. இந்தப் பெரியவர்களுக்கு எந்த ராஜ சபையும் சம்பளம் கொடுக்கவில்லை. நமக்கும் யாரோ ஒரு நண்பர் மூலம் பிளாப்பி ஒன்றில் ஓர் எழுத்துரு வந்து சேர்ந்தது.

பாட்டாவுக்கு அப்போது வயது 78. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தமிழில் கணக்கெழுதியவர். அவர் சொல்ல, அக்காள் தினம் ஒரு பக்கம் அடித்தாள். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்ற திருவிதாங்கூர் நாணயக் கணக்கு. 1936 நவம்பரில் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயங்களை எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்துவிட்ட பிறகு, பதினாறு வயதுப் பையனாக அவர் ஒரு சிநேகிதனைக் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிச்சென்றது. 1954-ல் தென் திருவிதாங்கூர்த் தமிழர் கிளர்ச்சியும், ஆகஸ்டு 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிப் பிரயோகமும். 1956 நவம்பர் 1-ந் தேதி கல்குளம் முதலிய நாலு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. முதல் பாதி ஒரு பிளாப்பியில், இரண்டாம் பாதி மற்றொன்றில். பாட்டா 2001-ல் காலமானார்.

2009-ல் தகப்பனார் அவற்றை எடுத்துப் புதிய கம்ப்யூட்டரில் திறந்தார். இங்கிலீஷுமல்லாத, வேறு பாஷையுமல்லாத குறிகள் திரை நிறைய வந்து நின்றன. காரணம் எளிது. அந்தக் கால எழுத்துருக்கள் ரோமன் எழுத்துக்களும் குறிகளும் இருந்த இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. கம்ப்யூட்டர் தன் மனத்துக்குள் எதையோ எழுதிக்கொள்ளும். கண்ணுக்கு மட்டும் தமிழாகத் தெரியும். ஒவ்வொரு எழுத்துருவும் தன் இஷ்டப்படி இடம் வைத்துக்கொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய 'தமிழ் இணையம் 99' மகாநாடு ஒரு பொதுவான விசைப்பலகையையும் ஒழுங்கையும் வகுத்தது. யூனிகோட் என்னும் உலக ஒழுங்கில் தமிழுக்கு 1991-லேயே இடமிருந்தும், விண்டோஸில் அது 2000-ல்தான் வந்து சேர்ந்தது. தமிழ்நாடு சர்க்கார் அதை அங்கீகரித்தது 2010-ல். நமது பிளாப்பிகளோ இதற்கெல்லாம் முந்தியவை. அந்த எழுத்துருவும் இடி விழுந்த பிறகு பெட்டியைத் திருப்பி அமைத்தபோது போய்விட்டது.

முன்பு அச்சிட்ட மூன்று பக்கங்கள் தகப்பனாரின் பீரோவில் இருந்தன. அவைதான் திறவுகோல். திரையில் உள்ள குறியையும் தாளில் உள்ள எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போட்டோம். பெருந்தொல்லை கொடுத்தது கொம்பு. 'கெ' என்பதில் கண்ணுக்கு முன்னால் வருவது கொம்பு. பழைய எழுத்துருவும் கொம்பை முன்னால் வைத்தது. யூனிகோடோ ககரத்தை முன்னால் வைத்துக் கொம்பைப் பின்னால் கேட்கிறது. கல்யாணமாகிப் போன அக்காள் கோடை விடுமுறைக்கு வந்து, தன் விரல் எந்த விசையில் போகும் என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டு, மேஜை மேல் வெறும் விரலால் தட்டிக் காட்டுவாள். பதினேழு நாளில் முதல் பிளாப்பி முழுவதும் தமிழாயிற்று. சக்கரமும் பணமும் வந்தன. கோயில் வாசலும் சிநேகிதன் கையும் வந்தன.

இரண்டாவது பிளாப்பியைத் தக்கலையின் ஈரம் தின்றுவிட்டது. தகட்டின் மேல் வெள்ளைப் பூசணம். பிளாப்பி என்பது 512 பைட் கொண்ட 2,880 கட்டங்களாக எழுதப்படும் பொருள். சென்னையில் இத்தொழில் தெரிந்த ஒருவர் பல நாள் முயன்று 41 கட்டங்களை மீட்டுக் கொடுத்தார். அவற்றில் பெரும்பாலானவை காலி இடம். ஆகஸ்டு 11-ந் தேதியைச் சேர்ந்தது ஒரே ஒரு கட்டம். அது இப்படி முடிகிறது: "அன்றைக்கு அம்மை எவ்வளவோ தடுத்தாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே இறங்கி நேரே"—

மார்த்தாண்டத்துக்குத்தான் என்கிறார் தகப்பனார். புதுக்கடைக்கு என்று அடித்ததாக அக்காளுக்கு ஞாபகம்.