மார்கழிக்குச் சென்னை, நம் மேளத்துக்கு மண்தரையா?

மார்கழி பிறந்ததும் நம்மவருள் வசதி படைத்தோர்க்குச் சென்னை நினைவு வந்துவிடுகிறது. 2022 டிசம்பரில் பலாலி விமான சேவை மீண்டும் தொடங்கியபின் வழியும் எளிதாயிற்று. வைத்தியரும் பொறியியலாளரும் என் தொழிலைச் சேர்ந்தோரும் சபா சபாவாக ஏறி இறங்கி நெல்லியடிக்குத் திரும்பி, எந்த வித்துவான் எந்த இராகத்தை எப்படி விரித்தார் என்று மாதக்கணக்கில் பேசுகின்றனர். இசையைத் துய்ப்பது குற்றமன்று. என் வழக்கு வேறு.

அச்சபாக்களின் வரலாற்றை இவர்கள் அறிவாரா? 1927 இறுதியில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்தது, 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமி. தமிழ்நாட்டின் தலைநகரிலேயே தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் கேட்டுக் கிளர்ச்சி செய்யவேண்டியிருந்தது. அதன் விளைவே 1943-இல் எழுந்த தமிழ் இசைச் சங்கம். நாதஸ்வரச் சக்கரவர்த்தி எனப்பெற்ற இராசரத்தினம்பிள்ளை 1956-இல் மறையும்வரை அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவரை நாடி வரவில்லை. நாதஸ்வர வித்துவான் ஷேக் சின்ன மௌலானா அதைப் பெற்றபோது ஆண்டு 1998!

அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? அளவெட்டி தட்சணாமூர்த்தியின் தவிலை, 1975-இல் அவர் மறையும்வரை, தமிழகத்து முதல்தர நாதஸ்வர வித்துவான்கள் விரும்பி அழைத்தனர். எந்தச் சபாவும் உருவாக்காத கை அது. நம் கோயில் வீதிகள் வளர்த்த கை. பகலெல்லாம் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் நீர் இறைத்த உழவன், இரவில் தெற்கு வீதியில் சால்வையை விரித்து அமர்ந்து, தனியாவர்த்தனம் முடியும்வரை எழும்பாது கேட்டான். அனுமதிச் சீட்டு வாங்காத அந்த உழவனைவிடச் சிறந்த இரசிகனை எந்த மண்டபத்திற் காட்டுவீர்கள்?

இன்றோ அதே வீதியில் மேளம் வாசிக்க, பக்கத்திலேயே ஒலிபெருக்கி சினிமாப் பாட்டை அலறுகிறது. கூலி வாய்ச்சொல்லில் பேசப்படுகிறது. திருவிழா முடிந்தபின் குறைக்கவும்படுகிறது. நின்று வாசித்துக் களைத்தவனுக்கு மண்தரை. உபயகாரர் வீட்டுப் பந்தியில் அவனுக்கு எந்த இடம் என்பதை ஊரே அறியும். சாதியென்று வெளிப்படையாகச் சொல்லமாட்டோம்; வழக்கம் என்போம். நீதிமன்றத்தில் அந்த விடையை எந்த நீதவானும் ஏற்கமாட்டார். (சின்னமேளம் இழிவென்று கோயிலினின்று விரட்டிய சமூகம், அதே ஆடலை அரங்கேற்றமாக்கி இலட்சக்கணக்கிற் செலவிட்டு மகிழ்வதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.)

எனவே உபயகாரர்களைக் கேட்கிறேன். மகோற்சவத்தில் ஓர் இரவாவது ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். மேடையிட்டு, கம்பளம் விரித்து, மேளக்காரரை அமர்த்தி மூன்று மணி நேரம் வாசிக்கவிடுங்கள். சென்னை சென்று வந்த கனவான்கள் முன்வரிசையில் இருந்து கேட்கட்டும். ஊதியத்தை எழுத்தில் எழுதி, பாதியை முற்பணமாகக் கொடுங்கள். எந்தக் குடியிற் பிறந்த பிள்ளையாயினும் தவிலோ நாதஸ்வரமோ பயில விரும்பினால், ஆசிரியரின் வேதனத்தைக் கோயில் நிதியிலிருந்து ஒதுக்குங்கள். வாணத்துக்கு எரிக்கும் பணத்தில் ஒரு பங்கு போதும்.

கொடியேற்றத்துக்கு முந்திய உபயகாரர் கூட்டத்தில் இதை எழுப்ப வேண்டும். கரவெட்டி உழவரும் நெல்லியடி வணிகரும் உடன் வரட்டும். பிரேரணையை நான் எழுதித் தருகிறேன்.