அனுபவம் பொய்யென்றால் சட்டம் என்ன சொல்கிறது?

"இதே மாதிரி பத்து திட்டம் முடித்திருக்கிறோம்" என்று சொல்லி ஒரு வெளிநாட்டு நிறுவனம் வேலையை வாங்குகிறது. பாதி வழியில்தான் தெரிகிறது, ஒன்றைக்கூட முடித்ததில்லை என்று! "போன பணம் போனதுதான்" என்று விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி போடப்பட்டிருந்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் கைகொடுக்கும். தெரிந்தே பொய் சொன்னால் 17-ஆம் பிரிவின்படி அது மோசடி. உண்மை என்று நம்பித் தவறாகச் சொல்லியிருந்தால் 18-ஆம் பிரிவு. இரண்டிலுமே 19-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் 18-ஆம் பிரிவில் வருவதை நீங்களே சாதாரணமாக விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்க முடியும் என்றால் ரத்து கேட்க முடியாது. அதனால் முதலிலேயே விசாரித்து விடுங்கள்.

மோசடி என்று நிரூபித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்கை வழக்கு நல்ல உதாரணம். 2000-ல் ஸ்கை தொலைக்காட்சி, அமெரிக்க இ.டி.எஸ். நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளைக்கு சுமார் 4.8 கோடி பவுண்டு மென்பொருள் வேலையைக் கொடுத்தது. வேலை முடியும் காலத்தை முறையாகக் கணக்கிட்டதாக இ.டி.எஸ். சொன்னது பொய் என்று 2010-ல் தீர்ப்பு வந்தது. இ.டி.எஸ். தரப்பின் முக்கிய சாட்சி தன் எம்.பி.ஏ. பட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். எதிர்த்தரப்போ அதே கல்லூரியில் லுலு என்ற நாய்க்கு எம்.பி.ஏ. வாங்கிக் காட்டியது. நாய்க்கு மதிப்பெண் கூடுதல்! ஒப்பந்தத்தில் இழப்பீட்டுக்கு 3 கோடி பவுண்டு உச்சவரம்பு இருந்தது. மோசடி என்றதும் அது செல்லாமல் போனது. கடைசியில் 31.8 கோடி பவுண்டுக்குச் சமரசமானது.

ஆனால் ஸ்கையின் மற்ற பல மோசடிக் குற்றச்சாட்டுகளை நீதிமன்றம் ஏற்கவில்லை. மோசடியை நிரூபிப்பது அவ்வளவு கடினம். எனவே அவர்கள் வாயால் சொல்லும் அனுபவத்தை ஒப்பந்தத்திலேயே எழுத வைக்க வேண்டும்.

அடுத்த சிக்கல், ஜெயித்த பிறகு பணத்தை வசூலிப்பது. இந்திய நீதிமன்றத் தீர்ப்பை அமெரிக்காவில் நேரடியாக நிறைவேற்ற ஒப்பந்தம் எதுவும் இல்லை. நடுவர் தீர்ப்பு என்றால் 1958 நியூயார்க் உடன்படிக்கைப்படி 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் நிறைவேற்றலாம். ஆகவே என்னைக் கேட்டால், விலையைப் பேரம் பேசுவதற்கு முன்னால் நடுவர் மன்றப் பிரிவைப் பேசி முடியுங்கள்.