பாட்டரி செத்தாலும் படம் தெரியும்!

செகண்ட் ஹேண்டில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று எங்கள் பெரியப்பா ஒரு பட்டியல் வைத்திருப்பார். சைக்கிள் வாங்கலாம். கிரைண்டர் வாங்கலாம். ஹெல்மெட்டும் பல்செட்டும் கூடவே கூடாது. ஈ-ரீடர் அவர் காலத்தில் இல்லை. அதனால் அந்தப் பட்டியலில் ஒரு வரியை நான் சேர்க்கிறேன்: தாராளமாக வாங்கலாம்; ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

காரணம், ஈ-இங்க் திரையின் குணம் அப்படி. உள்ளே பொடிப்பொடியாகக் குமிழ்கள். ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும். மின்சாரம் ஒரு தட்டுத் தட்டினால் எது மேலே வரணுமோ அது வந்து உட்காரும். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், பதவி நாற்காலி மாதிரி! அடுத்த பக்கம் திருப்பும்வரை மின்சாரமே வேண்டாம். ஒரு சார்ஜில் வாரக்கணக்கில் ஓடுவதன் ரகசியம் இதுதான். விற்கிறவர் அனுப்பும் போட்டோவில் படம் பளிச்சென்று தெரிவதன் ரகசியமும் சில சமயம் இதுதான். பாட்டரி செத்துப்போன கருவியிலும் கடைசியாக வந்த படம் சிரித்துக்கொண்டே நிற்கும்.

நாவல் படிக்கிறவருக்கு எந்த ஓட்டை ஈ-ரீடரும் போதும். எழுத்தைப் பெரிசாக்கினால் வரிகள் தானாக மடங்கிக்கொள்ளும். காமிக்ஸ் மடங்காது. அதில் ஒரு பக்கம் என்பது ஒரு படம். திரை சின்னதானால் ஹீரோவும் சின்னவர். அவர் வாயிலிருந்து கிளம்பும் பலூன் கடுகு!

நான் தேடியது என் அப்பாவுக்காக. 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு ஆரம்பித்தபோது அவர் ஏழாம் வகுப்பு. டிபன் காசை மிச்சம் பிடித்து வாங்கிச் சேர்த்தது 212 புத்தகம். தகரப் பெட்டியில் இருந்த அந்தக் காகிதமெல்லாம் இப்போது அப்பளம்; திருப்பினால் நொறுங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளைப் பலி கொடுத்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முடித்தேன். நான் காசு கொடுத்து வாங்கிய டிஜிட்டல் மாங்காக்களும் சேர்ந்து மொத்தம் 38 ஜி.பி.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து செல்போன் வெளிச்சம் கூசுகிறது. "பத்திரமா எடுத்து வெச்சுட்ட, சரி. படிக்கிறது எப்படிடா?" என்றார். நியாயமான கேள்வி. ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனின் பட்ஜெட்: ரூபாய் எட்டாயிரம். புதுசு வாங்கும் யோசனை அதோடு முடிந்தது.

முதலில் ஸ்கேலை எடுங்கள். 'ஆறு அங்குலம்' என்பது மூலைக்கு மூலை கணக்கு. உண்மையில் அந்தத் திரை ஏறக்குறைய 12 செ.மீ. உயரம், 9 செ.மீ. அகலம், சட்டைப் பாக்கெட் சைஸ். ஜப்பானிய மாங்கா புத்தகம் சுமார் 17-க்கு 11 செ.மீ. எட்டு அங்குலத் திரையோ 16-க்கு 12. கிட்டத்தட்ட அசல் அளவு! டின்டின் மாதிரியான பெரிய ஆல்பங்களுக்குப் பத்து அங்குலம் இருந்தாலும் கொஞ்சம் குறுகித்தான் தெரியும்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. 2007-ல் வந்த முதல் கிண்டிலில் அங்குலத்துக்கு 167 புள்ளி. பிறகு வந்த நல்ல மாடல்களில் 300. காமிக்ஸ் பலூனுக்குள் இருக்கும் பொடி எழுத்துக்கு 300-க்குக் குறைந்து போகாதீர்கள். விலை குறைவு என்று பழசை வாங்கினால் மிச்சமாகும் பணம் தலைவலித் தைலத்துக்குச் சரியாகப் போகும்.

மூன்றாவது, ஃபைல். காமிக்ஸ் பெரும்பாலும் சிபிஇசட், சிபிஆர் என்ற பெயரில் வரும். பயப்பட வேண்டாம், படங்களை மூட்டை கட்டிய ஜிப், ரார்தான். கோபோ கருவிகள் மூட்டையை அப்படியே திறக்கும். கிண்டில் திறக்காது, மாற்றித் தர வேண்டும். அதற்கு 'கிண்டில் காமிக் கன்வெர்ட்டர்' என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. திரை அளவுக்குப் படத்தைச் சுருக்கி, கறுப்பு-வெள்ளையாக்கித் தரும், கோபோவுக்கும் செய்யும். என் 38 ஜி.பி. 13 ஆக இளைத்தது. பக்கத்தின் வெற்று ஓரங்களையும் அது வெட்டிவிடும். சின்னத் திரைக்கு அது நல்லது. பழைய புத்தகம் என்றால் ஓரத்தில் யாராவது எதையாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

எட்டு ஜி.பி. கருவி கிடைத்தாலும் கவலையில்லை. மொத்தக் கலெக்‌ஷனையும் தினமும் சுமக்க அதென்ன கல்யாண லாரியா? ஐம்பது புத்தகம் கையில், மிச்சம் ஹார்ட் டிஸ்க்கில், இன்னொரு காப்பி வேறொரு வீட்டில். இரட்டைப் பதிவு முறை என்று பி.காமில் படித்தது இதற்குத்தான் உதவியது.

கலர் வேண்டுமா? கலர் ஈ-இங்க் வந்துவிட்டது. 2024-ல் வந்த கோபோ லிப்ரா கலரில் கறுப்பு-வெள்ளைக்கு 300 புள்ளி, கலருக்கு அதில் பாதி. திரையும் சற்று மங்கல். கலர் ஆல்பம்தான் உயிர் என்றால் பழைய டேப்லட்டே உத்தமம். எங்கள் பெட்டியிலோ பெரும்பாலும் கறுப்பு-வெள்ளை. சாம்பல் பூத்த ஈ-இங்க் திரையில் அது நியூஸ்பிரின்ட் மாதிரியே இருக்கும்.

கடைசியாக நேரில் சோதனை. ஸ்விட்ச் போட்டு ஐம்பது பக்கம் மளமளவென்று திருப்புங்கள். சார்ஜ் சரிகிறதா பாருங்கள். ஒரு வெள்ளைப் பக்கம், ஒரு கறுப்புப் பக்கம் வைத்துக் கோடு இருக்கிறதா பாருங்கள். மேலே கீறல் இல்லாமலே உள்கண்ணாடி உடைந்திருக்கும். முன்விளக்கைக் கூட்டிக் குறையுங்கள். முக்கியமாக, விற்பவர் தன் அக்கவுண்ட்டை உங்கள் எதிரில் நீக்க வேண்டும். உங்கள் அக்கவுண்ட் ஏற வேண்டும். ஏறவில்லையா? டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். திருட்டுப் பொருளாக இருக்கலாம். கையோடு உங்கள் காமிக்ஸ் ஒன்றையும் எடுத்துப் போய் அதில் ஏற்றிப் பாருங்கள்.

எனக்குக் கிடைத்தது கனடாவிலிருந்து திரும்பிய ஒருவரின் கோபோ ஃபார்மா. 2018 மாடல், எட்டு அங்குலம், 300 புள்ளி, 32 ஜி.பி., பக்கம் திருப்பப் பட்டன். இருபதாயிரம் போட்டு வாங்கியதாம், ஒன்பதாயிரம் கேட்டார். என் காமர்ஸ் விழித்துக்கொண்டது. "சார், வருமான வரிக் கணக்குல கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 பர்சென்ட் தேய்மானம். ஏழு வருஷத்துல உங்க இருபதாயிரம் இப்போ 560 ரூபா" என்றேன்.

"அப்படீன்னா இன்கம்டாக்ஸ் ஆபீஸ்லயே வாங்கிக்குங்க" என்றார்.

ஏழாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது.

அப்பா முதலில் திறந்தது மாயாவியை. மறைவதற்கு அவருக்குக் கரண்ட் வேண்டும். இந்தத் திரைக்குத் தெரிவதற்குக் கரண்ட் வேண்டாம் என்று விளக்க ஆரம்பித்தேன். கேட்டதாகத் தெரியவில்லை. கதைக்கும் போகவில்லை. முதல் பக்கத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மசிப் பேனாவில், கோணல் எழுத்தில், அவர் பெயர். கீழே '7-ம் வகுப்பு, பி பிரிவு. இரவல் கேட்காதே!'

"அப்பா, நான் ஒண்ணு எடுத்துட்டுப் போய்ப் படிக்கட்டுமா?" என்றேன்.

திரையைப் பார்த்தபடியே அந்த வரியைச் சுட்டிக்காட்டினார்.