பூட்டிய வீட்டுக்குச் சூரியக் காவல்

தீபாவளிக்குத் திருநெல்வேலி, மதுரை எனச் சொந்த ஊர் செல்லும் கழக்கூட்டத்து அன்பர்கள் சிலர், வாயிலில் சூரிய ஒளியால் இயங்கும் காவற் காமிரா வைக்கலாமா என்று நம்மை வினவியுள்ளனர். தாராளமாக வைக்கலாம். ஆயின் கடையில் சொல்லப்படுவது வெயில் நாளின் கணக்கு. நாம் வீட்டைப் பூட்டிச் செல்வதோ துலாவர்ஷ காலத்தில். போதாக்குறைக்குத் தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. இருள் மிக்க அவ்விரவுகளில் காமிரா தன் அகச்சிவப்பு விளக்கை ஏற்றிக்கொண்டே விழித்திருக்க வேண்டும்.

இதன் தத்துவம் நமக்குப் புதிதன்று. பழைய வகை ரயில் பெட்டிகளில், வண்டி ஓடுங்கால் சக்கர அச்சோடு இணைந்த மின்னாக்கி பாட்டரியை நிரப்பும். நிற்குங்கால் பாட்டரியே விளக்கையும் விசிறியையும் இயக்கும். வண்டி வழியில் நெடுநேரம் நின்றால் விளக்கு மங்கும். மேகம் மூடிய நாள் காமிராவுக்கு வண்டி நின்ற நாளாகும். நம் அண்டையிலுள்ள தும்பாவிலிருந்து 1963-இல் முதல் ராக்கெட் எழுந்தது. இன்று வானில் சுற்றும் செயற்கைக்கோள்களும் பூமியின் நிழலுட் புகும்போது பாட்டரியையே நம்புகின்றன.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஓயாது இயங்கும் காமிரா 5 வாட் கொள்வதாக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 120 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணிச் சிறு பாட்டரியில் இருப்பதோ 84. ஒரு நாளைக்கே காணாது! வெயிலற்ற மூன்று நாட்களைத் தாங்க 360 வாட்-மணி தேவை. ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே 60 ஆம்பியர்-மணி கொண்டதை வாங்குதல் நலம். லித்தியம் வகையெனில் 40 போதும், விலைதான் கூடுதல்.

தகட்டிலும் சிக்கனம் ஆகாது. 40 வாட் தகடு நல்ல வெயிலில், சேதாரம் போக, ஏறத்தாழ 135 வாட்-மணி தரும். அன்றைய செலவுக்கே அது சரி. மழையில் வற்றிய பாட்டரியை நிரப்ப மீதமிராது. 80 வாட் தகடாயின் வெயில் கண்ட மூன்று நாளில் மீளலாம். அதைத் தெற்கு நோக்கி, மழைநீர் வழிந்தோடும் அளவு சற்றே சாய்த்து வைக்க. தென்னையின் கீழ் வேண்டா. ஓர் ஓலையின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் மொத்த மின்சாரமும் வெகுவாகக் குறையும். தேங்காய் விழுந்தால் என்னாகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆள் நடமாட்டம் கண்டு விழிக்கும் காமிராவுக்குச் சிறு தகடே போதும். எனினும் அது விழிப்பதற்குள் சில நொடிகள் கழிந்துவிடலாம். வீட்டு மின்சாரம் நின்றால் இணையப் பெட்டியும் அணைந்து, ஊரிலிருந்து கைப்பேசியில் பார்க்க இயலாது போகும். ஆதலின் காமிராவினுள் நினைவு அட்டை இருத்தல் அவசியம். அதன் பார்வை அண்டை வீட்டு முற்றத்தில் விழலாகாது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே தகட்டைக் கனத்த துணியால் மூன்று நாள் மூடி வைத்துப் பார்க்க. மூன்றாம் இரவிலும் படம் தெளிவாயிருப்பின், துணியை நீக்கி, எஞ்சிய நாட்களின் வெயிலில் பாட்டரியை நிரம்ப விடுக.