கலங்குவதும் புண்படுவதும்

இருண்ட சித்திரக்கதைகள் பல்கலைக்கழக வகுப்பறைக்குள் வரும்போது மாணவரிடமிருந்து எழும் முதல் சொல் பெரும்பாலும் 'நன்றாக இல்லை' என்பதன்று. 'பார்க்க முடியவில்லை' என்பதே. அச்சொல்லில் இருப்பது இயலாமை. அதனை அப்படியே கேட்டுக்கொள்ளும் பொறுமை நம் கல்விப்புலத்தில் குறைவு. ஒரு சாரார் அதனை உடனே புகாராக்கி, நூலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கச் சொல்கின்றனர். மறுசாரார், கோட்பாட்டுப் பயிற்சி போதாதவரின் உணர்ச்சிவயம் என்று புன்னகையோடு கடந்துபோகின்றனர். இரண்டாவது போக்கு நாகரிகமாகத் தோன்றுவதால் கூடுதல் தீங்கு செய்கிறது.

தமிழில் இதற்கு இரண்டு வினைகள் உள்ளன: மனம் புண்படுதல், மனம் கலங்குதல். புண் என்றால் புண்படுத்தியவர் ஒருவர் வேண்டும். குற்றவாளியைத் தேடிச் செல்லும் சொல் அது. 1927இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ பிரிவு சேர்க்கப்பட்டது முதல், மத உணர்வு புண்பட்டதென்று நீதிமன்றத்தின் முன் சொல்வதற்கு ஒரு சட்ட மொழியே கிடைத்துவிட்டது. கலங்குதலோ நீருக்குரிய சொல். கலங்கிய நீர் தெளியலாம். அடியில் கிடந்தது எதுவென்று அதற்குமுன் மேலே தெரியவும் கூடும். நூலொன்றால் கலங்கியவரைப் புண்பட்டவராக மொழிபெயர்க்கும் அவசரமே இங்கு விவாதங்களைக் கெடுக்கிறது.

உரைநடையைவிடச் சித்திரக்கதை ஏன் அதிகம் கலக்குகிறது? ஸ்காட் மெக்கிளவுட் 1993இல் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' நூலில் ஒரு விடை உண்டு. ஒரு கட்டத்தில் கோடரியை ஓங்கியவன். அடுத்த கட்டத்தில் இரவு நகரமும் ஓர் அலறலும். வெட்டு வரையப்படவேயில்லை. இரு கட்டங்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் அதனைச் செய்து முடிப்பவர் வாசகர். 'பார்க்க முடியவில்லை' என்று சொல்பவர், வரையப்படாததையும் பார்த்துவிட்டார் என்றே கொள்ளவேண்டும். அவர் மோசமான வாசகர் அல்லர். நூல் கேட்ட வேலையை முழுமையாகச் செய்தவர்.

அம்ருதா பாட்டீலின் 'காரி' (2008) இதற்கு நல்ல சான்று. காதலரான இரு பெண்கள் உயிரை விடக் குதிப்பதில் கதை தொடங்குகிறது. ஒருத்தியைப் பாதுகாப்பு வலை காக்கிறது; அவள் ஊரைவிட்டே போய்விடுகிறாள். மற்றொருத்தியான காரி சாக்கடையில் விழுந்து பிழைக்கிறாள். அதன்பின் அவள் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள், நெரிசலான குடியிருப்பில் வாழ்கிறாள், புற்றுநோயில் இறந்துகொண்டிருக்கும் ஏஞ்சலோடு பழகுகிறாள். இரத்தம் அதிகமில்லை, ஆயினும் பலருக்கு இது வாசிக்கக் கடினமான நூல். காரணம் அதன் வேகமின்மை. பக்கத்தைத் திருப்பும் விசை வாசகர் கையில் இருப்பதால், சாம்பல் நிறப் பக்கமொன்றில் எவ்வளவு நேரம் தங்குவதென்பதை அவரே முடிவுசெய்யவேண்டும். திரைப்படம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். இந்நூல் விட்டுவிட்டுக் காத்திருக்கிறது.

இருண்டதெல்லாம் ஆழமானது என்பதும் பொய். ஆலன் மூரும் பிரையன் போலண்டும் 1988இல் உருவாக்கிய 'தி கில்லிங் ஜோக்' கொண்டாடப்பட்ட நூல், ஓவியம் அபாரமானது. அதில் பார்பரா கார்டன் சுடப்படுவதும் இழிவுபடுத்தப்படுவதும் அவளுடைய தந்தையின் மனவுறுதியைச் சோதிப்பதற்காகவே. அவளுக்கென ஒரு கட்டம்கூட மனம் இல்லை. 1999இல் கெயில் சிமோன், ஆண் நாயகரின் கதைக்காகச் சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டபோது அது வெறும் எரிச்சலன்று, வடிவம் பற்றிய விமர்சனம். மூரே பிற்காலத்தில் இந்நூல்மீது அதிருப்தி தெரிவித்தவர். இங்கு வாசகரின் ஒவ்வாமை, ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றுக்கு முன்பாகவே சரியான இடத்தைத் தொட்டிருந்தது.

தமிழ் பயின்றவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றக்கூடாது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. அப்பகுதியை மாணவர் மனப்பாடம் செய்து தேர்வெழுதுகின்றனர். (படத்துடன் அச்சிட்டால் எத்தனை துறைகள் ஏற்கும் என்பது வேறு கதை.) தொல்காப்பியமும் இளிவரலையும் அச்சத்தையும் எண்வகை மெய்ப்பாட்டுள் நகைக்கும் உவகைக்கும் இணையாகவே வைத்தது. மெய்யில் தோன்றுவது இலக்கிய ஆய்வுக்கு உரிய பொருள் என்பதில் அதற்கு ஐயமில்லை.

எனவே 'பார்க்க முடியவில்லை' என்ற மாணவரிடம் அடுத்த வினா, எந்தக் கட்டத்தில் முடியவில்லை என்பதாக இருக்கவேண்டும். மாலிக் சஜாத்தின் 'முன்னு' (2015) காஷ்மீரிகளை அழிந்துவரும் ஹங்குல் மான்களாக வரைகிறது. இந்தியப் படைவீரர்கள் அதில் மனிதர்கள். தில்லியிலோ ஐதராபாத்திலோ சென்னையிலோ அமர்ந்து அதனைப் புரட்டுபவர், தம் முகம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று சில கட்டங்களிலேயே கண்டுகொள்வார். அங்கு அவர் நிறுத்தினால், நூலை மூடச் சொல்வதற்கும் ஏளனம் செய்வதற்கும் முன்பு, அந்தப் பக்கத்தின் எண்ணையாவது ஆசிரியர் குறித்துக்கொள்ளலாம்.