தேதி இல்லாத சட்டம்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தது 1989 செப்டம்பர் 11. அது அமலுக்கு வந்தது 1990 ஜனவரி 30. நிவாரணத் தொகை, டிஎஸ்பி விசாரணை, கண்காணிப்புக் குழு என அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்ததோ 1995இல்தான்.

அமல் தேதிக்கு முன்பு நடந்ததற்குப் புதிய சட்டத்தில் தண்டிக்க முடியாது. அரசமைப்பின் 20ஆவது உறுப்பு தரும் நியாயமான பாதுகாப்பு அது. ஆனால் தேதி குறிக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. தாமதத்தின் விலையை ஒடுக்கப்பட்டோர் கொடுக்கிறார்கள்.

ஆணவக்கொலைக்கு எதிராகத் தனிச்சட்டம் கேட்கும் தோழர்களே, நானும் கேட்கிறேன். கூடவே இதையும் கேட்போம்: அமலாகும் தேதியும் விதிகளுக்கான காலக்கெடுவும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் நிறைவேறிய அன்று இனிப்பு கொடுத்துவிட்டு, அரசிதழைப் பார்த்துக் காத்திருப்போம்.